புகையின் நிறத்தோடு அது வரும் நேரத்தையும் பாருங்கள்

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 14 ஆண்டுப் பழைய டர்போ டீசல் கார். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. கையால் கியர் மாற்றும் வகை. 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார்.

சிக்னலில் மூன்று நான்கு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை மேகமாக எழுகிறது. பின்னால் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகை இல்லை. ஏற்றத்தில் மட்டும் பிக்கப் குறைகிறது, கரும்புகை வருகிறது, கூடவே ‘உஸ்’ என்று காற்று பிதுங்கும் சத்தமும் கேட்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வந்து ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. சுமார் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. “குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு காட்டும் கம்பி) மேல் கோட்டைத் தாண்டியே ஊற்றி வைக்கிறேன்” என்றும் எழுதியிருக்கிறார்.

முதல் மெக்கானிக், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி, விரலில் ஒட்டிய ஆயிலைக் காட்டி, டர்போ போய்விட்டது என்றாராம். இரண்டாமவர் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, அங்கே வந்த ஆவியைக் காட்டி, பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றாராம். ஸ்கேனரில் ‘டர்போ அழுத்தம் குறைவு’ என்ற பிழைக் குறியீடு (கோட்) வந்திருக்கிறது. அண்ணன் கனமான ஆயில் ஊற்றச் சொல்கிறார். அதை ஊற்றிப் புகை அடங்கியதும் விற்றுவிடலாம் என்கிறார் கணவர். டர்போவா, இன்ஜினா, யாரை நம்புவது, அதுவரை ஓட்டலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

இரண்டு மெக்கானிக்குகளும் உங்களுக்குக் காட்டியது உண்மை. ஆனால் அதை வைத்து அவர்கள் சொன்ன முடிவுக்கு அது போதாது. ஒருவர்கூட எதையும் அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அளக்காமல் டர்போவையும் வாங்க வேண்டாம், இன்ஜினையும் இறக்க வேண்டாம். நீங்கள் எழுதிய அறிகுறிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இவ்வளவுக்கும் ஆரம்பம் மிகச் சிறிய ஒன்றாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சரிசெய்யாமல் பெரிய பாகத்தை மாற்றினால், புதிய பாகமும் அதே வழியில் கெடும்.

நல்ல வேளையாக, புகையின் நிறத்தோடு அது எப்போது வருகிறது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆயில் எந்த வழியாக வந்தது என்பதை நேரம்தான் சொல்லும். ரிங் தேய்ந்த இன்ஜின் சுமை ஏற ஏறப் புகைக்கும், நெடுஞ்சாலையிலும் விடாது. வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் சீல் இறுகிப்போயிருந்தால், இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஒரு முறை நீலமாகக் கக்கிவிட்டு அடங்கும். சில நிமிடம் ஐடிலிங்கில், அதாவது இன்ஜின் ஓடியபடியே, நின்று, பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் மேகமாக வருவது டர்போவின் பக்கம் கை நீட்டுகிறது. முதல் மெக்கானிக்கின் ஊகத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் டர்போ வழியாக ஆயில் வருகிறது என்பதாலேயே டர்போ கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது.

காரணத்தைச் சொல்கிறேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றுகிறது, சில சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். அந்த வேகத்தில் ரப்பர் சீல் எதுவும் தாங்காது. அதனால் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்களைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். தண்டின் இரு முனையிலும் உள்ள இறக்கைச் சக்கரங்களின் பக்கம் இருக்கும் காற்று, புகை ஆகியவற்றின் அழுத்தமும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளேயே நிறுத்துகிறது. ஐடிலிங்கில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. தண்டை நனைத்த ஆயில் வேறு எந்த விசையும் இல்லாமல், தானாகவே கீழே ஆயில் தொட்டிக்கு வடிய வேண்டும். சமையலறைத் தொட்டியின் வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் மேலேயே நிற்பது போல, இந்த வடிகால் தடைபட்டால் ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, வளையங்களைத் தாண்டி இரண்டு பக்கமும் கசியும். டர்போ புத்தம் புதிதாக இருந்தாலும் கசியும்.

முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்

வடிகால் ஏன் தடைபடுகிறது? குழாயில் கசடு சேர்ந்திருக்கலாம். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் அடைத்திருக்கலாம். பிரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இறங்கி வர வேண்டிய ஆயிலை மேலே தள்ளும். மூன்றாவது காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி இருப்பது.

அக்கறையால்தான் அப்படிச் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஆயில் அதிகமாவதும் குறைவதைப் போலவே கெடுதல். இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும். அந்தத் துளிகளைப் பிரீதர் உறிஞ்சி, காற்று உள்ளே போகும் குழாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ‘குறைகிறது’ என்று நீங்கள் ஊற்றிய ஆயிலில் ஒரு பங்கு, அதிகமாக ஊற்றியதாலேயே புகையாகப் போயிருக்கக்கூடும்.

எனவே இன்றைக்கே செய்ய வேண்டியது இது. சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் காத்திருங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில், சற்று மேல் பக்கமாக இருந்தால் போதும். அதிகம் இருந்தால் பட்டறையில் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் பிறகு 1,000 கிலோமீட்டருக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள்: எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது, இந்த வயதுள்ள டீசல் இன்ஜினைத் திறந்தே தீர வேண்டும் என்று சொல்லும் அளவு இல்லை. பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், சில ஒரு லிட்டர்வரைகூட வரம்பாகக் குறிப்பிடுகின்றன.

டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். டீசல் வாடை வந்தாலோ, நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறினாலோ, அது குறைவதைவிட ஆபத்தானது. டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். அப்போது வண்டியை எடுக்காமல், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் டீசல் பம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

விரலில் ஒட்டிய ஆயில், மூடியில் வந்த ஆவி

இன்டர்கூலர் ஹோஸின் உள்ளே மெல்லிய ஆயில் படலம் எந்தப் பழைய டர்போ வண்டியிலும் இருக்கும். பிரீதர் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. விரலில் ஒட்டுவது ஒரு பொருட்டில்லை, ஹோஸைச் சாய்த்தால் வழிந்து கொட்டுவதுதான் கவலை தர வேண்டியது. அதைவிட முக்கியமான ஒன்றை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை: டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய், அதாவது ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குள் நுழையும் குழாய். அதுவே ஈரமாக இருந்தால் ஆயில் பிரீதரிலிருந்து வருகிறது, டர்போவின் மீது பழி போடக் கூடாது. முன்னால் உலர்ந்தும் பின்னால் சொட்டச் சொட்டவும் இருந்தால் டர்போ கசிகிறது.

ஏர் ஃபில்டரையும் அப்போதே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. அடைத்துப்போன ஃபில்டர் இருந்தால் டர்போ காற்றுக்குப் பதில் தன் சொந்த ஆயிலை உறிஞ்சத் தொடங்கும்.

ஆயில் மூடியைத் திறந்து பார்க்கும் சோதனை பழைய வழக்கம். ஆனால் ஓடும் டீசல் இன்ஜினில் கொஞ்சம் ஆவி வருவது இயல்பு. அழுத்தத்தோடு குப்குப்பென்று வந்தால் ஏதோ சரியில்லை என்பது உண்மைதான். அப்போதும் ரிங் என்று தீர்மானிக்க முடியாது. பிரீதர் அடைத்திருந்தாலும் அப்படித்தான் வரும். தேய்ந்த டர்போவிலிருந்து புகை வடிகால் வழியாக இன்ஜினுக்குள் இறங்கினாலும் வரும். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் பக்கம் கசிவு இருந்தால் அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் ஊதும், அப்போதும் வரும். இவை எல்லாவற்றையும் விலக்கிய பிறகே ரிங்கின் பேச்சு வர வேண்டும்.

ரிங்கின் நிலையைச் சொல்ல இரண்டு சோதனைகள் இருக்கின்றன. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில், நல்ல டீசல் இன்ஜின் பொதுவாக ஒவ்வொரு சிலிண்டரிலும் 25 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் காட்டும். சரியான வரம்பை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்திருந்தால் அங்கேதான் குறை. அடுத்தது லீக்-டவுன். பிஸ்டனை மேலே நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, அது எங்கே தப்பிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பது. ஆயில் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் வால்வு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு). எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஏனென்றால் வண்டிக்குச் சொந்தக்காரரான நீங்களே பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கம்ப்ரஷன் குறைவாக வந்தால் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் பழக்கம் உண்டு. அது பெட்ரோல் இன்ஜினுக்கு உரியது. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே கணக்கைப் பொய்யாக்கிவிடும், அளவு மிஞ்சினால் இன்ஜினை உடைக்கவும் செய்யும். யாராவது அப்படிச் செய்ய முனைந்தால் தடுங்கள்.

கரும்புகையும் ‘உஸ்’ சத்தமும்

ஏற்றத்தில் வரும் கரும்புகைக்கு ஆயில் காரணம் இல்லை. டீசல் எரியப் போதுமான காற்று கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பிக்கப் குறைவு, காற்று பிதுங்கும் சத்தம், அழுத்தம் குறைவு என்ற ஸ்கேனர் கோட் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம் என்பதுதான் என் முதல் சந்தேகம். வெடிப்பு பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்திலோ கிளிப் இறுக்கும் ஓரத்திலோ இருக்கும். வண்டி நிற்கும்போது உதடு போல ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது, அழுத்தம் ஏறினால் மட்டும் திறக்கும். அதனால் வெறுமனே பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதை ஏற்காதீர்கள். குழாய்களை இரு முனையிலும் அடைத்து, ஒரு பார் அளவுக்குக் காற்று செலுத்தி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும்.

இரண்டு நோய்களும் இங்கே சேர்வதைக் கவனியுங்கள். பிரீதர் வழியாக வரும் ஆயில் அந்த ரப்பரை நாள்பட ஊறவைத்து மென்மையாக்கும், மென்மையான ரப்பர் வெடிக்கும். வெடித்த ஹோஸ் வழியாகக் காற்று வீணாவதால் டர்போ அதை ஈடுகட்ட அளவுக்கு மீறிச் சுற்றும், தேயும். ஆகவே நீலப் புகை, கரும்புகை, ஸ்கேனர் கோட் எல்லாம் பிரீதரிலும் ஆயில் அளவிலும் தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. நிச்சயம் என்று சொல்லவில்லை, வண்டியை நான் பார்க்கவில்லை. ஆனால் தேட வேண்டிய வரிசை இதுதான்.

ஹோஸ் சரியாக இருந்தால், டர்போவுக்குள் புகையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு தகடுகள் கரி பிடித்து இறுகியிருக்கின்றனவா, புகையின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா, காற்றின் அளவை உணரும் சென்சார் தவறாகச் சொல்கிறதா என்று பார்க்கலாம். ஸ்கேனர் கோட் அழுத்தம் குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது. டர்போவை மாற்றச் சொல்லவில்லை.

காலை வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் மறைகிறது என்பதால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வெறும் நீராவியாக இருக்கலாம். டீசல் நெடி அடித்தால், குளிர்ந்த இன்ஜினைச் சூடேற்றும் குளோ பிளக்குகளைச் சோதித்தால் போதும். கூலண்ட் தொட்டியில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு கோடு போட்டு வையுங்கள். அளவு இறங்கிக்கொண்டே போனால் மட்டும் கதை வேறு.

எப்போது ஓட்டக் கூடாது

இதை மட்டும் வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரும் படிக்கட்டும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலோ, டர்போவிலிருந்து கொட்டும் ஆயிலோ மொத்தமாக உள்ளே போனால், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாகவே வேகம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். அப்படி நேர்ந்தால், வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி, இருப்பதிலேயே உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி அணையும். அணையாவிட்டால் எல்லோரும் இறங்கித் தூரமாகப் போய்விடுங்கள். பானட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் அடைக்க யாரையும் விடாதீர்கள், அந்த இழுவிசை கையைக் காயப்படுத்தும். இன்ஜின் போனால் போகட்டும்.

இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் இன்டர்கூலரில் எவ்வளவு ஆயில் தேங்கியிருக்கிறது என்று பார்த்து, வடித்துச் சுத்தம் செய்யும்வரை ஏற்றங்களையும் நெடும்பயணத்தையும் தவிர்த்துவிடுங்கள். பள்ளிக்கு மெதுவாகப் போய்வரலாம். ஆயில் விளக்கு எரிந்தாலோ, சைரன் போன்ற ஊளை கேட்டாலோ, புகை தொடர்ந்து வந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

டர்போவையே மாற்ற நேர்ந்தால்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லை என்றால், டர்போவை நேரடியாகச் சோதிக்கலாம். இன்ஜின் குளிர்ந்து அணைந்திருக்கும்போது தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து அசைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு, ஆயில் படலத்தில் மிதக்கவே அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். முன்னும் பின்னும் இழுத்தால் விரலுக்குத் தெரியும்படி ஆடக் கூடாது. சக்கரத்தின் இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தால் சந்தேகமே இல்லை, மாற்ற வேண்டியதுதான். டர்போவைக் கழற்றியதும், சிலிண்டர்களிலிருந்து புகை வரும் துளைகளைப் பார்க்க மறக்காதீர்கள். அவை உலர்ந்திருந்து டர்போவின் வெளிவாய் மட்டும் ஈரமாக இருந்தால் இன்ஜின் நலம். அந்தத் துளைகளே ஆயிலில் நனைந்திருந்தால் இரண்டாவது மெக்கானிக் சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டும்.

யாரோ கழற்றிய பழைய டர்போவைப் பொருத்த நான் சம்மதிக்க மாட்டேன். அது என்ன ஆயிலில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றி, சுழற்சிச் சமநிலை பார்த்த தாளோடு கிடைக்கும் டர்போ நல்ல நடுவழி. எதைப் பொருத்தினாலும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் புதிதாக வேண்டும். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயை மாற்ற வேண்டும், அதில் சிறு வலை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். இன்டர்கூலரைக் கழுவ வேண்டும். ஆயில் குழாய் இணைப்புகளில் சிலிகான் பசை தடவக் கூடாது, அதன் துணுக்கு ஒன்று போதும் குழாயை அடைக்க. இந்த வேலைகளுக்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். புது டர்போ கெட்டால் விற்றவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

பட்டறையில் பேசும்போது

சோதனைக்குத் தனியாகக் கூலி கொடுக்க நீங்களே முன்வாருங்கள். இலவசமாகப் பார்த்தவர் பாகம் விற்றுத்தான் அந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. அளவீடுகளை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன், ஹோஸ் சோதனையின் முடிவு, பிரீதரின் நிலை. உங்கள் ஒப்புதல் இல்லாமல் இன்ஜினைத் திறக்கக் கூடாது என்றும், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் வண்டியை விடும்போதே சொல்லி எழுதி வாங்குங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

அண்ணன் சொல்லும் கனமான ஆயில் சில வாரங்களுக்குப் புகையை அடக்கக்கூடும். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் கனமான ஆயில் டர்போவை எட்டத் தாமதமாகும், அந்த நொடிகளில் தண்டு உலர்ந்து சுற்றும். தேயாத டர்போவும் தேய்ந்துவிடும். கையேட்டில் சொன்ன தர ஆயிலையே ஊற்றுங்கள். புகையை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கும் திரவங்களும் வேண்டாம்.

விற்பதைப் பற்றி உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். விற்பதில் தவறில்லை, மறைத்து விற்பதில்தான் தவறு. வாங்கும் குடும்பமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏற்றம் ஏறும். மேலே எழுதிய அந்த ஆபத்து அவர்களுக்கும் உண்டு. தெரிந்தே மறைத்தால் பிறகு சட்டப்படியும் பதில் சொல்ல நேரலாம். பிரீதரையும் ஹோஸையும் சரிசெய்து, கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு விற்றால் விலையும் கூடுதலாகக் கிடைக்கும். கம்ப்ரஷன் குறைந்து இன்ஜினைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், அந்தச் செலவையும் காரின் இன்றைய மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். செலவு மதிப்பின் பாதியைத் தாண்டினால், குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு ஒரு பட்டறைக்கே கொடுத்துவிடுவது நல்லது.